எவென்கி மக்களின் மறைந்துவரும் வேட்டை வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைபீரியக் காடுகளையும் அங்கே வாழும் மக்களையும் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எவென்கிகளைக் குறித்து ஏறக்குறைய ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. விவாதத்துக்குரியவை பின்னால் வருகின்றன. முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் சுட்டிக்காட்டியிருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

எவென்கி என்றால் யார்? எஸ்கிமோக்கள் மாதிரியா?

இல்லை. எஸ்கிமோக்கள் என்று நாம் பள்ளியில் படித்தவர்கள் ஆர்க்டிக் கடலோரத்தில் சீல்களையும் திமிங்கிலங்களையும் நம்பி வாழ்ந்தவர்கள். எவென்கிகள் காட்டு மக்கள். லார்ச், பைன், பிர்ச் மரங்கள் அடர்ந்த டைகா என்னும் வடக்குக் காட்டு மண்டலத்தில், மேற்கே யெனிசேய் ஆற்றிலிருந்து கிழக்கே ஓகோட்ஸ்க் கடல் வரை சிறுசிறு குழுக்களாகப் பரவியிருப்பவர்கள். அவர்களுடைய மொழி துங்குசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீனாவை ஆண்ட மஞ்சு அரச மரபினரின் மொழியும் அதே குடும்பம்தான். 1908 ஜூன் 30 அன்று வானில் ஏதோ வெடித்துப் பெருங்காடு சாய்ந்த துங்குஸ்கா நிகழ்வைப் பலரும் படித்திருப்பீர்கள். அந்தக் காடு எவென்கிகளின் வேட்டைக்காடு; அன்று அழிந்த மந்தைகளும் அவர்களுடையவை.

இன்று ரஷ்யாவில் ஏறத்தாழ 38,000 பேரும், சீனாவில் 30,000-க்கு மேற்பட்டோரும், மங்கோலியாவில் மிகச் சிலரும் இருக்கிறார்கள்.

அந்த எழுபதாயிரம் பேரும் வேட்டைக்காரர்கள்தானா?

அப்படி நினைத்துக்கொண்டுதான் பலர் படிக்கத் தொடங்குகிறார்கள். சீனாவில் எவென்கி என்று பதிவு செய்யப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் உள்மங்கோலியாவின் புல்வெளிகளில் ஆடு, மாடு, குதிரை வளர்ப்பவர்கள் அல்லது உழவர்கள். முன்பு சோலோன், துங்குஸ், யாகூத் என்று தனித்தனியே அழைக்கப்பட்ட மூன்று பிரிவினரை 1950-களின் இறுதியில் அரசு எவென்கி என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. அவர்களுள் பனிமான் வளர்த்து வேட்டையாடியது ஒரு சிறு பிரிவு மட்டுமே. அவர்கள் சில நூறு பேர்தாம். ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பு சைபீரியாவிலிருந்து அர்குன் ஆற்றைக் கடந்து பெரிய கிங்கான் மலைக்காடுகளுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

ரஷ்யாவிலும் இன்று பெரும்பாலோர் ஊர்களிலும் நகரங்களிலும் வாழ்கிறார்கள். ஆசிரியர்களாகவும், செவிலியர்களாகவும், ஓட்டுநர்களாகவும் வேலை பார்க்கிறார்கள். ஆண்டின் பெரும்பகுதியைக் காட்டில் கழிப்போர் சிறுபான்மையினர். கீழே பேசப்படுவது அந்தச் சிறுபான்மையினரைப் பற்றியும், ஒன்றிரண்டு தலைமுறைகளுக்கு முன்புவரை அவர்களைப்போலவே வாழ்ந்த குடும்பங்களைப் பற்றியும்தான்.

மான் வளர்க்கிறார்கள் என்கிறீர்கள், மானை வேட்டையாடுகிறார்கள் என்றும் சொல்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி, ஆனால் இரண்டும் ஒரே மான் அல்ல. அவர்கள் வளர்ப்பது ரெயின்டியர் எனப்படும் பனிமான். வேட்டையாடுவது பெரும்பாலும் மூஸ் என்னும் மிகப் பெரிய மான், செம்மான், ரோ மான் போன்றவற்றையும் காட்டில் தானாகத் திரியும் பனிமான்களையும். வளர்ப்புப் பனிமானைக் காட்டு எவென்கிகள் இறைச்சிக்காக எளிதில் வெட்டுவதில்லை. அது அவர்களுடைய சுமைவண்டி, சவாரி விலங்கு, பால் தரும் கால்நடை ஆகிய மூன்றுமாக இருந்தது. அதன் முதுகு பாரம் தாங்காது என்பதால் சேணத்தை முன்னங்கால்களுக்கு மேலே தோள்பட்டையில் வைப்பார்கள். ஏறி அமர்பவர் கையில் நீண்ட கழி ஒன்றைப் பிடித்துச் சமநிலை காத்துக்கொண்டு, குதிரை நுழைய முடியாத சதுப்பையும் ஆழ்பனியையும் கடந்துபோவார். பால் சிறிதளவே கிடைக்கும். ஆனால் மிகக் கெட்டியானது. தேநீரில் கலக்க அது போதும்.

வேட்டையும் மான் வளர்ப்பும் இரண்டு தொழில்கள் அல்ல என்பதை இங்கேயே பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் விடைகள் தெளிவாகும். பனிமான் இல்லாமல் வேட்டைக்காரர் தொலைவான காட்டுக்குப் போக முடியாது. கொன்ற மூஸை முகாமுக்குக் கொண்டுவரவும் முடியாது. வேட்டை இல்லாமல் போனால், பனிமானையே வெட்டித் தின்ன வேண்டிவரும்; சிறு மந்தை சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும்.

பனிமானுக்குத் தீனி யார் போடுவது? பட்டியில் அடைத்து வளர்க்க முடியாதா?

அதற்கு யாரும் தீனி போடுவதில்லை. அது தானே தேடித் தின்னும். குளிர்காலத்தில் அதன் முதன்மை உணவு, பனிக்கடியில் தரையோடு படர்ந்திருக்கும் லைக்கன். நம் சமையலறையில் உள்ள கல்பாசியும் ஒரு லைக்கன்தான் என்பதால் அதன் தன்மையை ஓரளவு கற்பனை செய்துகொள்ளலாம். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். ஓரிடத்தில் மேய்ந்து தீர்த்தால் பழையபடி தழைக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே மந்தை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். மந்தையோடு மக்களும் நகர வேண்டும்.

வேலியின்றி விடப்பட்ட மந்தை திரும்பி வருவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. உப்பு ஒன்று: உள்ளங்கையில் உப்பை வைத்து ஒரு பெண் குரல் கொடுத்தால், மரங்களுக்கிடையிலிருந்து மணிச்சத்தத்தோடு மான்கள் ஒவ்வொன்றாக வந்து நக்கிக்கொண்டு நிற்கும். கோடையில் கொசுக்கூட்டத்திலிருந்து தப்ப, முகாமில் ஈரப்பாசியைப் போட்டு மூட்டும் புகையைத் தேடி வரும். கன்றுகளைக் கட்டிவைத்திருந்தால் தாய்மான்களும் வந்துசேரும். இலையுதிர்காலத்தில் காளான் முளைத்துவிட்டால் மட்டும் இவை எதுவும் பலிக்காது. காளான் தேடி வெகுதூரம் போய்விடும் மான்களைத் தடம் பார்த்துத் தேடிப் பிடிக்க வேண்டும். பட்டியில் அடைத்தால் என்ன ஆகும் என்பதை 2003-ஆம் ஆண்டு நிகழ்வுகளைப் பற்றிய விடையில் பார்க்கலாம்.

அவர்கள் எதை, எப்படி வேட்டையாடினார்கள்?

வயிற்றுக்கு ஒரு வேட்டை, வரிக்கும் வணிகத்துக்கும் ஒரு வேட்டை என்று பிரித்துப் பார்ப்பது உதவும். வயிற்றுக்கானது பெரிய விலங்கு. கோடை இரவுகளில் மூஸும் மானும் உப்பு மண்ணை நக்க வரும் இடங்களில் காற்றின் திசை பார்த்து அசையாமல் காத்திருப்பார்கள். இலையுதிர்காலத்து இணைசேரும் பருவத்தில் மரத்தாலோ பிர்ச் பட்டையாலோ செய்த ஊதுகுழலில் ஆண்மானின் குரலை எழுப்பி, போட்டிக்கு வரும் ஆண்மானைத் துப்பாக்கி எட்டும் தூரத்துக்கு வரவழைப்பார்கள். பனி ஆழமானபின், அடிப்பாகத்தில் விலங்கின் கால்தோலை மயிரோடு ஒட்டிய அகலமான பனிச்சறுக்குப் பலகைகளில் ஓசையின்றிப் பின்தொடர்வார்கள். மயிர் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் ஏற்றத்தில் பலகை வழுக்காது.

வணிகத்துக்கானது மென்மயிர்த் தோல். அணிலும், கீரியைப்போல் ஒல்லியான உடல்கொண்ட சேபிளும் இதில் முதன்மையானவை. நாய் மோப்பம் பிடித்து மரத்தடியில் நின்று குரைக்கும். வேட்டைக்காரர் தோலில் ஓட்டை விழாதபடி தலையைப் பார்த்துச் சுடுவார். மரக்கட்டை விழுந்து அமுக்கும் பொறிகளும், விலங்கு கயிற்றைத் தட்டியதும் தானே எய்யும் வில்பொறிகளும் இருந்தன. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கருவி காட்டைப் பற்றிய நினைவு: எந்த ஓடை எந்த மாதத்தில் உறையும், எந்தச் சரிவில் பனி மெலிதாக இருக்கும், சென்ற ஆண்டு எங்கே தீப்பற்றியது என்பன. இது சிறுவயதிலிருந்து கூடவே நடந்து பழகுவது. எழுதிவைத்துக் கற்பிக்கும் பாடம் அல்ல.

வேட்டையாடியவருக்கே இறைச்சி சொந்தமில்லையாமே, உண்மையா?

ஏறக்குறைய உண்மை. நிமாத் என்ற வழக்கத்தின்படி, பெரிய விலங்கைக் கொன்றவர் அதை இன்னொரு குடும்பத்தாரிடம் ஒப்படைத்துவிடுவார். முகாமிலுள்ள அனைவருக்கும் அவர்கள் பங்கிட்டுக் கொடுப்பார்கள். முதியவர், கைம்பெண், நோயாளி யாரும் விடுபடக் கூடாது. வேட்டையில் ஒருவருக்கு நல்ல நாள் வருவதும் இன்னொருவருக்கு மாதம் முழுதும் ஒன்றும் அகப்படாமல் போவதும் இயல்பு என்பதால், இது அன்பின் வெளிப்பாடாக மட்டுமல்லாமல் பசிக்கு எதிரான காப்பாகவும் இருந்தது.

காட்டுப் பரண்களும் இதே சிந்தனையிலிருந்து வந்தவை. உயரமான மரத்தண்டுகளின்மேல், கரடியும் வேறு விலங்குகளும் ஏற முடியாதபடி பரண் கட்டி, உலர்ந்த இறைச்சி, மாவு, துணி, கருவிகள் ஆகியவற்றை அதில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பூட்டுக் கிடையாது. வழியில் உணவு தீர்ந்து தவிக்கும் எவரும் ஏறி எடுத்துக்கொள்ளலாம். பிறகு திருப்பி வைக்க வேண்டும் அல்லது உரியவரிடம் சொல்ல வேண்டும். கரடியைக் கொல்ல நேர்ந்தால் அதைத் தாத்தா என்பதுபோன்ற உறவுமுறை சொல்லியே குறிப்பிடுவார்கள். உண்ணும்போது காகம்போல் கரைந்து பழியைக் காகத்தின்மேல் போட்டுவிட்டு, எலும்புகளைச் சிதறவிடாமல் சேர்த்து மரத்தில் உயரே வைத்து வழியனுப்புவார்கள். அடுப்புத் தீக்கு முதல் இறைச்சித் துண்டைப் படைத்த பிறகே மனிதர் உண்பது வழக்கம். இந்த மரியாதைகளை நீக்கிவிட்டு எவென்கி வேட்டையைப் பேசினால், அது வெறும் துப்பாக்கிச்சூட்டைப் பற்றிய பேச்சாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த வாழ்க்கை எப்போது தேயத் தொடங்கியது?

ஒரே நாளைச் சொல்ல முடியாது. 17-ஆம் நூற்றாண்டில் ரஷ்ய ஜார் அரசு சைபீரியாவுக்குள் வந்தபோது யசாக் என்னும் தோல்வரியை விதித்தது. அதனால் வேட்டை ஒழியவில்லை. ஆனால் உணவுக்கு வேட்டையாடியவர்கள் வரிக்கும், பிறகு மாவு, தேயிலை, வெடிமருந்து, சாராயம் ஆகியவற்றின் கடனுக்கும் வேட்டையாட வேண்டியதாயிற்று.

ஆழமான முறிவு சோவியத் காலத்தில் வந்தது. 1930-களில் மந்தைகள் கூட்டுப்பண்ணைகளின் சொத்தாயின; ஆவிகளோடு பேசுவோராகக் கருதப்பட்ட ஷாமன் பூசாரிகளும் வசதி படைத்த மந்தைக்காரர்களும் ஒடுக்கப்பட்டார்கள். அதே காலத்தில் எவென்கி மொழிக்கு எழுத்துமுறையும், 1930 டிசம்பரில் எவென்கி தேசிய வட்டாரமும் உருவாயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப்பின் சிற்றூர்களை மூடி மக்களைப் பெரிய ஊர்களில் சேர்த்தார்கள். ஆண்கள் சம்பளம் வாங்கும் அரசு வேட்டைக்காரர்களாகக் காட்டில் இருக்க, பெண்களும் பிள்ளைகளும் ஊரில் நிலைகொண்டார்கள். முன்பு முழுக் குடும்பமாக நகர்ந்த முகாம், ஆண்கள் மட்டும் முறை வைத்துப் போகும் வேலையிடமாகிவிட்டது. கூடாரம், தோல் பதனிடல், உடை, மான்பால் அனைத்தும் பெண்களின் கையில் இருந்தவை. அவர்கள் இல்லாத காட்டில் தங்க இளைஞர்களுக்கு மனம் வரவில்லை என்பதில் வியப்பில்லை. பல காரணங்கள் பேசப்படுகின்றன. என் பார்வையில் மிக ஆழமாகப் பாதித்தது இந்தப் பிரிவுதான்.

அதன்மேல் 1974-இல் தொடங்கிய பைக்கால்–அமூர் ரயில்பாதை எவென்கிக் காடுகளை ஊடுருவியது. தங்கச் சுரங்கங்கள் ஓடைகளைக் கலக்கின. 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது சம்பளமும், தோல் கொள்முதலும், காட்டுக்குப் பொருள் கொண்டுவந்த ஹெலிகாப்டர்களும் ஏறத்தாழ ஒரே வேளையில் நின்றன. பல வட்டாரங்களில் மந்தைகள் அத்தோடு சிதறிப்போயின.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதையும் குறை சொல்வீர்களா?

கல்வியைக் குறை சொல்லவில்லை. அது கொடுக்கப்பட்ட விதத்தைச் சொல்கிறேன். முகாம்களில் பிறந்த பிள்ளைகள் ஆறேழு வயதில் விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஆண்டின் பெரும்பகுதியைப் பெற்றோரைக் காணாமல் கழித்தார்கள். பனியில் தடம் படிக்கவும், மானுக்குச் சேணம் பூட்டவும், கத்தி பிடித்துத் தோல் உரிக்கவும் கற்றுக்கொள்ளும் வயது அதுதான். பள்ளியில் பேசியது ரஷ்ய மொழி. பதினேழு வயதில் வீடு திரும்பியவரால் தாத்தாவோடு அவருடைய மொழியில் சரளமாகப் பேசவும் முடியவில்லை. அவரோடு காட்டில் நடக்கவும் முடியவில்லை. இன்று ரஷ்யாவில் தாய்மொழியைப் பேசத் தெரிந்த எவென்கிகள் ஒரு சிறு பகுதியினரே.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ரஷ்யாவின் சில பகுதிகளில் ஆசிரியரே முகாமோடு நகரும் நாடோடிப் பள்ளிகள் நடத்தப்பட்டிருக்கின்றன. அவை சிறிய முயற்சிகள். ஆனால் எழுத்தறிவும் காட்டறிவும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்று காட்டியவை.

சீனாவில் 2003-இல் என்னதான் நடந்தது?

அர்குன் ஆற்றைக் கடந்து வந்ததாக மேலே சொன்ன பனிமான் எவென்கிகளை 1965-இல் அரசு வடக்கே அவோலுகுயா என்ற இடத்தில் குடியேற்றியது. அங்கே வீடுகள் இருந்தாலும் வேட்டையும் காட்டு முகாம்களும் தொடர்ந்தன. 2003 ஆகஸ்டில் சூழலியல் இடப்பெயர்வு என்ற திட்டத்தின்கீழ் அவர்கள் 200 கி.மீ.க்கும் அப்பால் தெற்கே கென்ஹே நகரை ஒட்டி, அவோலுகுயா என்ற அதே பெயரில் அமைந்த புதிய குடியிருப்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதே ஆண்டில் வேட்டைத் துப்பாக்கிகள் வாங்கிக்கொள்ளப்பட்டன. பனிமான்களையும் லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து பட்டிகளில் அடைத்தார்கள். காட்டு லைக்கன் இல்லாத அந்தப் பட்டிகளில் மான்கள் நோயுற்று மடியத் தொடங்கியதும், குடும்பங்கள் பல தங்கள் மந்தைகளோடு மீண்டும் மலைக்குப் போய்விட்டன.

போக மறுத்தவர்களுள் அறியப்பட்டவர் மரியா சுவோ என்ற மூதாட்டி. குடியிருப்புக்கு வராமல் காட்டு முகாமிலேயே மந்தையோடு தங்கிவிட்ட அவர் 2022 ஆகஸ்டில் 101 வயதில் காலமானார்.

நல்ல வீடு, மின்சாரம், மருத்துவமனை எல்லாம் கொடுத்தும் ஏன் காட்டுக்கே திரும்பினார்கள்?

அவர்கள் வசதியை வெறுக்கவில்லை. முதியவர்கள் மருத்துவமனையை விரும்பினார்கள். பெற்றோர் பிள்ளைகளின் படிப்பை விரும்பினார்கள். இன்றும் பல குடும்பங்கள் குடியிருப்புக்கும் முகாமுக்குமாகப் போய்வந்துகொண்டிருக்கின்றன. முகாம்களிலும் சூரியமின் தகடும் கைபேசியும் உண்டு. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது வீடு. கேட்கப்பட்ட விலை மந்தை. லைக்கனைப் பற்றிய விடையைப் படித்தவர்களுக்கு, பனிமானை வைத்துக்கொண்டு நகரத்தில் வாழ முடியாது என்பது தெரியும். வீடா மந்தையா என்ற கேள்விக்குச் சிலர் மந்தை என்று விடை சொன்னார்கள். அதைப் பிடிவாதம் என்று எழுதுவோர், அந்த மந்தைதான் அவர்களிடம் மிஞ்சியிருந்த ஒரே வாழ்வாதாரம் என்பதைக் கவனிப்பதில்லை.

வேட்டை நின்றால் விலங்குகள் பிழைக்குமே, அது நல்லதுதானே?

இது நேர்மையான கேள்வி; நேர்மையான விடைக்கு உரியது. பைக்கால் ஏரியின் வடகிழக்குக் கரையில் 1917 ஜனவரியில், சேபிளைக் காக்கவென்றே பர்குசின் காப்பகம் அமைக்கப்பட்டது. அப்போது அந்தப் பகுதியில் எஞ்சியிருந்த சேபிள்கள் சில பத்துகள் மட்டுமே. காப்பகம் பயன் தந்தது, சேபிள் பெருகியது. ஆனால் அந்தக் காடு ஷெமாகிர் குலத்து எவென்கிகளின் வேட்டைக்காடு. அவர்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். எவென்கிகளும் சேபிளைக் கொன்றவர்கள்தாம் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் சேபிளை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது தொலைதூரச் சந்தைகளின் தோல்விலை. அந்தப் பணத்துக்காக வெளியிலிருந்தும் திரளாக வந்து பொறி வைத்தார்கள். இழப்பு மட்டும் உள்ளூர்க் குலத்தின்மேல் விழுந்தது.

பெரிய கிங்கான் மலையிலும் கதை இதுதான். 1950-களிலிருந்து அங்கே காட்டை வெட்டிச் சாய்த்தவை அரசு மரவெட்டு நிறுவனங்கள். இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டு நின்றது 2015 ஏப்ரலில்தான். மூஸ் இன்று சீனாவில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அது இருக்க வேண்டியதுதான். ஆனால் சில நூறு பேரின் துப்பாக்கிகள் 2003-இலேயே பறிக்கப்பட்டன, ரம்பங்கள் ஓய மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்ற வரிசையைப் பார்க்கும்போது, சுமையை யார் முதலில் சுமந்தார்கள் என்பது விளங்கும்.

குடிப்பழக்கம்தான் அவர்களை அழித்தது என்று படித்தேனே?

குடி உண்மை, அதனால் நேர்ந்த விபத்துகளும், உறைபனி மரணங்களும், தற்கொலைகளும் உண்மை. இரு நாடுகளிலும் எவென்கிக் குடும்பங்கள் இதில் நிறைய இழந்திருக்கின்றன. ஆனால் அதைக் காரணமாகச் சொல்வது வரிசையைத் தலைகீழாக்குவது. சாராயம் தோல்வணிகர்களோடு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்தது. அப்போதும் தீங்கு செய்தது. இருந்தாலும் வேட்டை வாழ்க்கை நிலைத்திருந்தது. திறமைக்கு வேலையில்லாமல், கைக்குக் கருவியில்லாமல், மானியத்தொகையை மட்டும் எதிர்பார்த்துக் குடியிருப்பில் உட்காரவைக்கப்பட்ட ஆண்களிடம்தான் அது இவ்வளவு வேகமாகப் பரவியது. காட்டு முகாமில் குடித்துக் கிடந்தால் மந்தை தவறிவிடும் என்பதால், அங்கே வேலையே ஓரளவு கட்டுப்பாடாக இருந்தது.

ரஷ்யாவில் பழங்குடிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறதாமே, அப்புறம் என்ன குறை?

சட்டங்கள் இருக்கின்றன. சிறு எண்ணிக்கைப் பழங்குடிகளின் உரிமைகளுக்கு 1999-இலும், குலச் சமூக அமைப்புகளுக்கு 2000-இலும், மரபுவழி நிலப்பயன்பாட்டுப் பகுதிகளுக்கு 2001-இலும் கூட்டாட்சிச் சட்டங்கள் வந்தன. ஒப்ஷீனா எனப்படும் குலச் சமூகங்கள் வழியாக எவென்கிக் குடும்பங்கள் பல இன்றும் வேட்டை நிலங்களைப் பயன்படுத்துகின்றன; சேபிள் தோல் இன்றும் அவர்களின் முக்கியப் பண வருவாய். 2009-இன் வேட்டைச் சட்டமும் மரபுவழி வாழ்வுக்கான வேட்டையைத் தனியே ஏற்கிறது.

குறை நிலத்தில் இருக்கிறது. வேட்டையாட உரிமை இருந்தாலும், அதே காட்டில் தங்கச் சுரங்கத்துக்கோ, எண்ணெய்க் குழாய்க்கோ, மரவெட்டுக்கோ இன்னொருவருக்கு உரிமம் கொடுக்கப்பட்டால் விலங்கு இடம்பெயர்ந்துவிடும். உரிமை தாளில் மிஞ்சும். கிழக்குச் சைபீரியாவில் தென் யாக்கூத்தியாவின் இயெங்ரா போன்ற ஊர்களைச் சுற்றி மான்மேய்ப்பர்களும் சுரங்கங்களும் ஒரே ஓடைகளை நம்பியிருக்கிறார்கள். மேலும், 2020-இன் சட்டத்திருத்தத்துக்குப்பின் பழங்குடிகளுக்கான இந்தச் சிறப்புரிமைகளைப் பெற விரும்புவோர் அரசுப் பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும். தம் இனத்தைக் காட்டும் பழைய ஆவணம் இல்லாதவர்களுக்கு அது பெரும் அலைச்சலாகிவிட்டது.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. ஆனாலும் அது சிறிய விஷயமல்ல. துப்பாக்கி இல்லாத முகாமில் கரடியும் ஓநாயும் மந்தைக்குள் புகுந்தால் விரட்டக் கையில் ஒன்றுமில்லை. வெளியார் திருட்டுத்தனமாக வைக்கும் கம்பிச் சுருக்குகளில் மான்கள் சிக்கிச் சாகும்போதும் அவர்களால் தேடி அறுத்தெறிய மட்டுமே முடிகிறது.

ஆனால் 2003-இல் பத்து வயதாக இருந்தவர் இன்று முப்பதைத் தாண்டியவர். உப்பு மண்ணருகே இரவு முழுதும் காத்திருந்து பழகாதவர். அவர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதால் தாத்தாவின் காட்டறிவு வந்துவிடாது. விடுதிப் பள்ளியைப் பற்றிச் சொன்ன முறிவு இங்கே வேறு வடிவத்தில் நிகழ்ந்திருக்கிறது. ரஷ்யாவில் துப்பாக்கி யாரும் பறிக்காமலேயே பல ஊர்களில் வேட்டை குறைந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அவோலுகுயாவைப் போய்ப் பார்க்கலாமா? அது அவர்களைக் காட்சிப்பொருளாக்குவது ஆகாதா?

போகலாம், கென்ஹேக்கு அருகில் மரவீடுகளும் அருங்காட்சியகமும் கொண்ட குடியிருப்பு சுற்றுலாவுக்கென்றே மாற்றியமைக்கப்பட்டிருக்கிறது. 2013-இல் உலகப் பனிமான் மேய்ப்பர் மாநாடும் அங்கே கூடியது. நார்வேயிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்த மேய்ப்பர்களோடு அந்தச் சிறு சமூகத்தினர் சமமாக உட்கார்ந்து பேச அது வாய்ப்பளித்தது. சுற்றுலா வருமானமும், மருந்துக்கு விற்கப்படும் இளங்கொம்பும்தான் இன்று பல குடும்பங்களைத் தாங்குகின்றன என்பதால், அதை ஒரேயடியாகப் பழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

போகிறவர்கள் இரண்டைக் கவனித்தால் போதும். சாலையோரம் வேலிக்குள் நிற்கும் மான்களுக்குத் தீனி வாங்கிக் கொடுத்துப் படமெடுப்பதையே எவென்கி வாழ்க்கை என்று எண்ணிவிடக் கூடாது. காட்டு முகாமுக்கு அழைப்பில்லாமல் போகவும் கூடாது. அது ஒரு குடும்பத்தின் வீடு.

மரியா சுவோ இறந்ததோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதுகிறார்களே?

ஊடகங்கள் அவரைக் கடைசித் தலைவி என்று எழுதின. அந்தப் பட்டம் மிச்சமிருப்பவர்களை இல்லாதவர்களாக்குகிறது. பெரிய கிங்கான் காட்டில் இன்றும் சில முகாம்கள் இருக்கின்றன. ஏறத்தாழ ஆயிரம் பனிமான்கள் இருக்கின்றன. படிப்பு முடித்துவிட்டு மந்தைக்குத் திரும்பிய இளைஞர்களும் இருக்கிறார்கள். வேட்டை அங்கே ஏறக்குறைய முடிந்துவிட்டது, மேய்ப்பு முடியவில்லை.

ரஷ்யப் பக்கத்தில் நிலைமை வேறு. அமூர் பகுதியின் வடக்கிலும், தென் யாக்கூத்தியாவிலும், துங்குஸ்கா ஆறுகளின் கரைகளிலும் ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர்காலத்தின் முடிவில் சேபிள் பருவத்துக்காகக் குடும்பங்கள் காட்டுக்குப் போகின்றன. பனிவண்டி எந்திரம் கிடைத்தவர்கள் அதில் போகிறார்கள். பெட்ரோல் வாங்க முடியாத இடங்களில் இன்னும் பனிமான்மேல்தான் சுமை ஏறுகிறது.